எண் யார் கையில் இருக்கிறது? லினக்ஸில் எஃப்டியும் அனுமதியும், புதியவர்களுக்கு

"அந்த ஃபைலுக்கு எல்லா அனுமதியையும் எடுத்துவிட்டேன், அப்புறமும் அந்த ப்ரோகிராம் பாட்டுக்குப் படித்துக்கொண்டே இருக்கிறதே, எப்படி?" சிஸ்டம் ப்ரோகிராமிங்குக்குப் புதிதாக வருகிற யாரும் ஒரு நாள் இதைக் கேட்பார்கள். நானும் கேட்டேன். பதில் சின்னது, ஆனால் அது தலைக்குள் இறங்காதவரை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தரும் பிழைச் செய்தி எதுவும் புரியாது.

கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குகிறோம். டோக்கன் 47 என்றால் அந்தக் கடையில்தான் அதற்கு அர்த்தம், பக்கத்துக் கடையில் 47 வேறு யாருடைய செருப்போ. திரும்பி வந்து டோக்கனை நீட்டும்போது கடைக்காரர் உங்கள் பெயரையோ ஊரையோ கேட்கமாட்டார், டோக்கன் இருந்தால் செருப்பு. லினக்ஸில் ஃபைல் டிஸ்கிரிப்டர், சுருக்கமாக எஃப்டி, இந்த டோக்கன்தான். கடை என்பது உங்கள் ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம். விசாரணையெல்லாம் டோக்கன் கொடுக்கும்போது, அதாவது ஓப்பன் செய்யும்போது முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் எண் யார் கையில் இருக்கிறதோ அவர் ஆட்சி.

இனி ஒவ்வொரு படியாகப் போவோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஃபைல் பெயர் மட்டும் தமிழிலேயே இருக்கலாம், லினக்ஸ் ஒன்றும் சொல்லாது.

படி 1: கையால் செய்து பாருங்கள்

இதை ரூட்டாக, அதாவது நிர்வாகிக் கணக்கில், இருந்து செய்யாதீர்கள். ரூட்டுக்குப் பெரும்பாலான அனுமதிச் சோதனைகள் பொருட்டே இல்லை, சோதனையே பொய்யாகிவிடும். சாதாரணப் பயனராக பாஷ் ஷெல்லில் உட்காருங்கள்.

எக்கோ வணக்கம் > குறிப்பு
எக்ஸெக் 3< குறிப்பு
எல்எஸ் -எல் /ப்ராக்/$$/எஃப்டி

இரண்டாவது வரிதான் முக்கியம். ஷெல்லே அந்த ஃபைலைப் படிப்பதற்காகத் திறந்து 3 என்ற எண்ணில் வைத்துக்கொள்கிறது. மூன்றாவது வரி ஷெல்லிடம் என்னென்ன டோக்கன்கள் இருக்கின்றன என்று காட்டும், $$ என்பது ஷெல்லின் ப்ராசஸ் எண். 0, 1, 2 மூன்றும் உங்கள் டெர்மினல், 3 உங்கள் குறிப்பு. 255 என்று ஒன்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், பாஷ் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பது.

இப்போது சிமோட் 000 குறிப்பு என்று எல்லா அனுமதியையும் பிடுங்குங்கள். கேட் குறிப்பு என்றால் அனுமதி மறுப்பு வரும், எதிர்பார்த்ததுதான். அடுத்து கேட் <&3 என்று தட்டிப் பாருங்கள். வணக்கம் என்று வந்து நிற்கும். முதல் பத்தியில் கேட்ட கேள்விக்கான பதிலை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள்.

விடாமல் அதே கட்டளையை இன்னொரு தடவை தட்டுங்கள். ஒன்றும் வராது! ஏன் என்று தெரிய கேட் /ப்ராக்/$$/எஃப்டிஇன்ஃபோ/3 என்று பாருங்கள், பாஸ் என்ற வரியில் 22 இருக்கும். யுடிஎஃப்-8 முறையில் "வணக்கம்" என்பதற்கு 21 பைட், வரி முடிவுக்கு 1. படித்தது கேட் என்ற இன்னொரு ப்ராசஸ், ஆனால் படிக்கும் இடம் நகர்ந்திருப்பது ஷெல்லின் எஃப்டியில். இதற்கான காரணம் அடுத்த படியில்.

அதற்கு முன்னால் இன்னும் இரண்டு. எக்கோ ஹலோ >&3 என்று எழுதப் பாருங்கள், "பேட் ஃபைல் டிஸ்கிரிப்டர்" என்று திட்டும். கேட் /டெவ்/எஃப்டி/3 என்று பாருங்கள், அனுமதி மறுப்பு வரும். எண் அதே 3தான், ஆனால் இந்த இரண்டாவது வழியில் நீங்கள் டோக்கனை நீட்டவில்லை, அந்தப் பெயரைச் சொல்லி ஃபைலைப் புதிதாக ஓப்பன் செய்கிறீர்கள். புதிய ஓப்பன் என்றால் புதிய விசாரணை. இந்த வித்தியாசம் மண்டையில் ஏற எனக்கு நிறைய நாள் பிடித்தது.

படி 2: மூன்று அடுக்கு

எஃப்டி என்ற எண்ணுக்குப் பின்னால் கெர்னலில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. முதலாவது ப்ராசஸின் எஃப்டி அட்டவணை, 3 என்றால் எது என்று சொல்லும் வெறும் பட்டியல். அந்தப் பட்டியல் காட்டுவது ஸ்ட்ரக்ட் ஃபைல் என்ற பொருளை. படிக்கவா எழுதவா என்ற முறை, இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம், எத்தனை பேர் இதைப் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை, எல்லாம் அதில்தான். அதற்கும் கீழே ஐநோடு, அதாவது வட்டில் இருக்கும் உண்மையான ஃபைல். உரிமையாளர் யார், சிமோட் எண் என்ன என்பதெல்லாம் அங்கே.

ஃபோர்க் செய்தாலும் (ப்ராசஸையே நகலெடுப்பது) டூப் செய்தாலும் (எஃப்டியை நகலெடுப்பது) முதல் அடுக்கில் மட்டும் நகல் விழுகிறது, நடு அடுக்கு ஒன்றேதான், அதன் ரெஃபரன்ஸ் கவுன்ட் ஒன்று ஏறுகிறது. ஷெல் ஃபோர்க் செய்துதான் கேட்டை ஓட்டுகிறது, அதனால்தான் கேட் படித்ததற்கு ஷெல்லின் இடம் நகர்ந்தது. அதே ஃபைலை இரண்டு தடவை ஓப்பன் செய்தால் நடு அடுக்கே இரண்டு உருவாகும், ஒன்றின் இடம் மற்றதைப் பாதிக்காது. சிமோட் தொடுவது கீழ் அடுக்கை. ரீட் அழைப்பு (படித்துத் தா என்று ப்ரோகிராம் கெர்னலிடம் கேட்பது) பார்ப்பது நடு அடுக்கை. அவ்வளவுதான் ரகசியம்.

இப்போது ஆர்எம் குறிப்பு என்று ஃபைலை அழித்துவிட்டு மறுபடி அந்த எஃப்டி பட்டியலைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் அழிக்கப்பட்டது என்ற குறி வரும், ஆனால் எஃப்டி உயிரோடு இருக்கும். பெயர் போனது, பொருள் போகவில்லை. சர்வரில் பெரிய லாகை அழித்த பிறகும் டிஎஃப் கட்டளை வட்டு நிறைந்திருப்பதாகவே காட்டுவதும், ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளை குறைவாகக் காட்டுவதும் இதனால்தான். ஏதோ ஒரு ப்ராசஸ் அந்த எஃப்டியை இன்னும் மூடவில்லை. எல்எஸ்ஓஎஃப் +எல்1 என்று தட்டினால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

படி 3: பிழை எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

"பர்மிஷன் பிரச்சினை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு சிமோட் 777 அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கெர்னல் தெளிவாகத்தான் சொல்கிறது, நாம்தான் கேட்பதில்லை.

ஈஅக்செஸ், எண் 13: விசாரணையில் தோற்றுவிட்டீர்கள். ஃபைலின் அனுமதி மட்டுமல்ல, போகும் வழியில் உள்ள ஒவ்வொரு டைரக்டரிக்கும் எக்ஸ் அனுமதி வேண்டும், நடுவில் ஒன்றுக்கு இல்லாவிட்டாலும் இதே எண்தான். ஃபைலையே முறைத்துக்கொண்டிருக்காமல் மேலே உள்ள டைரக்டரிகளையும் பாருங்கள். ஈபெர்ம், எண் 1: இந்தச் செயலையே செய்ய உங்களுக்குத் தகுதி இல்லை, ஃபைலின் ஆர்டபிள்யூஎக்ஸ் (படி, எழுது, இயக்கு) பிட்களை மாற்றிப் பயனில்லை. அடுத்தவர் ஃபைலுக்கு சிமோட் செய்யப் போனால் இது வரும்.

ஈபேட்எஃப், எண் 9, கொஞ்சம் குழப்பக்காரன். அப்படி ஒரு எஃப்டியே இல்லை என்றாலும் இதுதான், எஃப்டி இருக்கிறது ஆனால் படிப்பதற்கு மட்டும் திறந்ததில் எழுதப் போனாலும் இதுதான். முதல் படியில் எக்கோ திட்டு வாங்கியது இரண்டாவது வகை. ஈஎம்ஃபைல், எண் 24, உங்கள் ப்ராசஸின் டோக்கன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். யூலிமிட் -என் என்று பாருங்கள், பல இடங்களில் 1024 என்றிருக்கும். வரம்பை ஏற்றுவதற்கு முன் எங்கே மூடாமல் விட்டோம் என்று தேடுங்கள். ஒழுகும் குடத்துக்குப் பதில் பெரிய குடம் வாங்கி என்ன பயன்?

எந்த அழைப்பில் எந்த எண் வந்தது என்று தெரியாவிட்டால் எஸ்ட்ரேஸ் என்ற கருவியைப் போட்டு ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு அழைப்பையும் வரிவரியாகக் காட்டும். ஓப்பன்அட் வரியின் கடைசியில் = 3 என்று வந்தால் டோக்கன் கிடைத்தது, = -1 என்று வந்தால் பக்கத்திலேயே காரணமும் இருக்கும்.

படி 4: பெயரைச் சோதித்துவிட்டுப் பெயரையே மறுபடி பயன்படுத்தாதீர்கள்

புதியவர்கள் எழுதும் கோடில் இப்படி ஒன்று அடிக்கடி பார்க்கிறேன்: முதலில் அக்செஸ் அழைப்பால் அனுமதி இருக்கிறதா என்று கேட்பது, இருந்தால் ஓப்பன் செய்வது. கேட்க நல்ல பழக்கம் மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு அழைப்புகளுக்கும் நடுவில் அந்தப் பெயரின் பின்னால் இருக்கும் பொருளையே யாராவது மாற்றிவிடலாம், ஒரு சிம்லிங்க் (வேறு ஃபைலைக் காட்டும் குறுக்குப் பெயர்) போதும். அதிக உரிமையோடு ஓடும் ப்ரோகிராமில் இது நேரடியான ஓட்டை. நேராக ஓப்பன் செய்யுங்கள், தோற்றால் பிழை எண்ணைப் பாருங்கள். ஃபைலைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமா, எஃப்டி கையில் வந்த பிறகு ஸ்டாட் வேண்டாம், எஃப்ஸ்டாட் பயன்படுத்துங்கள். சிமோட் வேண்டாம், எஃப்சிமோட். எஃப்டி கையில் இருக்கும்வரை பின்னால் இருக்கும் பொருள் மாறாது, பெயர் எப்போது வேண்டுமானாலும் மாறும்.

ஒரு டைரக்டரிக்குள் மட்டுமே வேலை செய்ய வேண்டுமானால் அந்த டைரக்டரியை ஒருமுறை திறந்து, அதன் எஃப்டியை ஓப்பன்அட்டுக்குக் கொடுங்கள். பயனர் அனுப்பும் பெயரில் மேல் டைரக்டரியைக் குறிக்கும் இரட்டைப் புள்ளி (..) வந்து வெளியே தப்பிவிடுமோ என்ற கவலை இருந்தால், லினக்ஸ் 5.6 முதல் ஓப்பன்அட்2 இருக்கிறது. ரிசால்வ் பினீத் என்ற கொடியைப் போட்டால் அந்த டைரக்டரிக்கு வெளியே போகும் பாதையைக் கெர்னலே மறுத்துவிடும். அந்த வடிகட்டலை நீங்களே ஸ்ட்ரிங்கில் எழுத முயற்சி செய்யாதீர்கள்.

ப்ராசஸ் எண்ணுக்கும் இதே கதைதான். ஒரு ப்ராசஸ் செத்த பிறகு அதே எண் வேறு ப்ராசஸுக்குப் போகலாம், நீங்கள் அனுப்பிய கில் அப்பாவி ஒருவன் தலையில் விழும். அதற்காகத்தான் 2019-ல் லினக்ஸ் 5.3-ல் பிட்எஃப்டி ஓப்பன் வந்தது, ப்ராசஸையே ஒரு எஃப்டியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

படி 5: எக்ஸெக் ஆகும்போது எது ஒட்டிக்கொண்டு போகிறது?

ஃபோர்க் ஆனதும் குழந்தைக்கு எல்லா எஃப்டியும் போகிறது. எக்ஸெக் ஆகி முற்றிலும் வேறு ப்ரோகிராம் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் அவை அப்படியே திறந்திருக்கும், க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடி இல்லாவிட்டால். உங்கள் ரகசிய ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு பயனர் கேட்ட ஏதோ கட்டளையை ஓட்டினால், அந்தக் கட்டளை கையிலும் அந்த டோக்கன் இருக்கும். அனுமதி விசாரணை முடிந்துபோன டோக்கன் என்பதை மறக்காதீர்கள்.

இதெல்லாம் புத்தக ஆபத்து என்று நினைத்தால் 2024 ஜனவரியைப் பாருங்கள். டாக்கருக்கு அடியில் கன்டெய்னர்களை (தனிச் சுவர்களுக்குள் ஓடும் ப்ராசஸ்களை) தொடங்கிவைக்கும் ரன்சி என்ற கருவி, ஹோஸ்ட்டின், அதாவது கன்டெய்னரைத் தாங்கும் இயந்திரத்தின், சிக்ரூப் டைரக்டரியைக் காட்டும் ஒரு எஃப்டியை மூடாமல் விட்டிருந்தது. தாக்குபவர் செய்ய வேண்டியதெல்லாம், தன் கன்டெய்னர் இமேஜில் வேலை டைரக்டரியாக /ப்ராக்/செல்ஃப்/எஃப்டி/7 போன்ற ஒரு பாதையை எழுதி வைப்பது. கன்டெய்னர் தொடங்கியதும் அவர் நிற்பது ஹோஸ்ட்டின் ஃபைல் சிஸ்டத்தில், அங்கிருந்து இரட்டைப் புள்ளி வைத்து மேலே ஏறினால் முழு இயந்திரமும். ரன்சி 1.1.12-ல் சரிசெய்தார்கள். நேம்ஸ்பேஸ் என்ன, மவுன்ட் என்ன, இத்தனை சுவர்கள் எழுப்பிவிட்டு ஒரு எண்ணை மறந்ததால் வந்த வினை.

ஆகவே ஓப்பன் செய்யும்போதே ஓ-க்ளோஎக்ஸெக் கொடியைச் சேர்த்துவிடுங்கள். முதலில் திறந்துவிட்டு அப்புறம் எஃப்சிஎன்டிஎல்-ஆல் கொடியைப் போடலாமே என்றால், நடுவில் இன்னொரு த்ரெட் (அதே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் இழை) ஃபோர்க் செய்துவிட்டால் போச்சு. இந்த இடைவெளியை அடைக்கத்தான் லினக்ஸ் 2.6.23-ல் அந்தக் கொடியே வந்தது. பைத்தான் 3.4 முதல் இது தானாகவே நடக்கிறது. சி-யில் எழுதுபவர்கள்தான் கையால் போட வேண்டும். இன்னொன்று, இந்தக் கொடி ஒட்டியிருப்பது முதல் அடுக்கில், நடு அடுக்கில் இல்லை, அதனால் டூப் செய்த நகலுக்கு அது வராது. டூப்3 அழைத்தால் அங்கேயே கொடியைக் கொடுக்கலாம்.

படி 6: ஒருமுறை மட்டும் மூடுங்கள்

பழைய வேலை ஒன்றில் எங்கள் சர்வரில் ஒரு விசித்திரம். வாரத்துக்கு ஒருமுறை, யாரோ ஒரு வாடிக்கையாளருக்குப் போகும் பதிலின் நடுவில் எங்கள் சொந்த லாக் வரி ஒன்று சொருகியிருக்கும். நெட்வொர்க் கோடை இரண்டு ராத்திரி தூங்காமல் தோண்டினோம், அங்கே ஒன்றும் இல்லை. கடைசியில் பார்த்தால் லாக் ஃபைலை மாற்றும் பகுதியில், தவறு வந்தால் போகும் பாதையில் ஒரு க்ளோஸ், பொதுவான முடிவில் இன்னொரு க்ளோஸ், போதாக்குறைக்கு மூடிய பிறகும் அந்த எண் ஒரு வேரியபிளில் பத்திரமாக இருந்தது. போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் பொதுத்தர விதிப்படி கெர்னல் எப்போதும் காலியாக உள்ளதில் மிகச் சிறிய எண்ணைத்தான் கொடுக்கும். நாங்கள் 9-ஐ மூடிய அடுத்த கணமே வேறொரு த்ரெட்டில் வந்த புதுக் கனெக்ஷனுக்கு அந்த 9 போனது, எங்கள் லாகர் பழைய நினைப்பில் 9-ல் எழுதியது. கெர்னலைப் பொறுத்தவரை எல்லாம் சட்டப்படிதான்!

அன்றிலிருந்து மூடிய உடனே வேரியபிளில் -1 வைப்பது எனக்குப் பழக்கம். ஒவ்வொரு எஃப்டிக்கும் சொந்தக்காரன் கோடில் ஒரே ஒரு இடம்தான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற இடங்களுக்குத் தனியாக மூட வேண்டுமானால் டூப் செய்து கொடுங்கள். க்ளோஸ் அழைப்பு ஈஇன்டர் (நடுவில் சிக்னல் குறுக்கிட்டது) என்று திரும்பினாலும் லினக்ஸில் எஃப்டி ஏற்கெனவே விடுபட்டிருக்கும், அதனால் மறுபடி அழைக்காதீர்கள். நல்லெண்ணத்தில் செய்யும் அந்த மறுமுயற்சியும் இதே இரட்டை மூடல்தான்.

படி 7: வேறு ப்ராசஸுக்குக் கொடுப்பது

"3-ஐப் பயன்படுத்து" என்று இன்னொரு ப்ராசஸுக்கு எண்ணை எழுதி அனுப்பினால் பக்கத்துக் கடையில் டோக்கன் நீட்டிய கதைதான். யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டில் எஸ்சிஎம் ரைட்ஸ் என்ற செய்தி வழியாக அனுப்ப வேண்டும். கெர்னல் நடு அடுக்கின் அதே பொருளுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு புது எண் போட்டுக் கொடுக்கும். வாங்குபவருக்கு அந்த ஃபைலின் மேல் சொந்த அனுமதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உரிமை அதிகமுள்ள சின்ன ப்ராசஸ் திறந்து கொடுப்பது, உரிமையே இல்லாத பெரிய ப்ராசஸ் அதை வைத்து உழைப்பது என்று பிரித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. கொடுக்கும்போது படிக்க மட்டும் தேவை என்றால் படிக்க மட்டும் திறந்து கொடுங்கள். ஆனால் அது முழுக் காவல் ஆகாது. வாங்கியவருக்கு ஃபைலின் மேல் சொந்தமாக எழுதும் அனுமதி இருந்தால், முதல் படியில் பார்த்த /டெவ்/எஃப்டி வழியில் மறுபடி எழுதத் திறந்துகொள்வார்.

படி 8: நீங்களே கெர்னல் பக்கம் எழுதினால்

டிரைவரோ புது அழைப்போ எழுதுபவர்களுக்கு மட்டும் இது. பயனர் தந்த எண்ணை எஃப்டிகெட்டால் பொருளாக மாற்றினால், வெளியேறும் ஒவ்வொரு பாதையிலும் எஃப்டிபுட் வேண்டும், தவறு வந்தால் போகும் பாதைகளிலும். 2016-ல் வெளிவந்த சிவிஇ-2016-0728 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பதிவு எண்) இதே வகைதான்: சாவிகளைப் பாதுகாக்கும் கீரிங் கோடில் ஒரு பாதையில் ரெஃபரன்ஸை விட மறந்திருந்தார்கள், அதைத் திரும்பத் திரும்ப அழைத்து 32 பிட் எண்ணிக்கையைச் சுழற்றி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து ரூட் ஆக முடிந்தது. அடுத்த ஆண்டு 4.11-ல் வந்த ரெஃப்கவுன்ட்-டி வகை, உச்சத்தைத் தொட்டால் சுழலாமல் அங்கேயே நின்றுவிடும். மெமரி கொஞ்சம் வீணாகும், ரூட் போகாது.

புது எஃப்டி ஒன்றைப் பயனருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் வரிசை முக்கியம். முதலில் எண்ணை ஒதுக்குங்கள், பொருளைத் தயார் செய்யுங்கள், பயனரின் மெமரிக்கு எழுத வேண்டியதை எழுதி முடியுங்கள், எஃப்டி-இன்ஸ்டால் எல்லாவற்றுக்கும் கடைசி. அதைக் கூப்பிட்ட கணத்திலேயே எண் பயனரின் சொத்து, வேறு த்ரெட் அதை மூடியும் இருக்கலாம், நீங்கள் திரும்பப் பெற முடியாது. விஎம்வேர் கிராஃபிக்ஸ் டிரைவரில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது 2022-ல் ஒரு சிவிஇ ஆனது.

படி 9: ஸிர்கான் வேறு மாதிரி

லினக்ஸில் எஃப்டியோடு வரும் உரிமை படி, எழுது என்ற அளவில் நின்றுவிடுகிறது. கூகுளின் ஃபியூஷியா என்ற இயங்குதளத்துக்கு அடியில் இருக்கும் ஸிர்கான் கெர்னலில் ஒவ்வொரு ஹேண்டிலுக்கும் (அங்கே எஃப்டிக்குப் பதில் இருப்பது) தனி உரிமைப் பட்டியல் உண்டு: படிக்கலாமா, எழுதலாமா, நகல் எடுக்கலாமா, அடுத்தவருக்கு அனுப்பலாமா என்று. நகல் எடுக்கும்போது உரிமையைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. சேனலில் (ப்ராசஸ்கள் செய்தி அனுப்பும் வழி) ஒரு ஹேண்டிலை அனுப்பினால் அது உங்கள் கையைவிட்டுப் போய்விடும், அனுப்புவது தோற்றாலும் திரும்பி வராது. லினக்ஸிலிருந்து வருபவர்கள் அனுப்பிய பிறகும் மூடப் பார்ப்பார்கள், அது வேண்டாம். பிழைகளும் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன: அப்படி ஒரு ஹேண்டில் இல்லை என்றால் -11, வகை தப்பு என்றால் -12, ஹேண்டில் சரி ஆனால் உரிமை இல்லை என்றால் -30. ஈபேட்எஃப் மாதிரி இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்புவதில்லை.

அப்புறம் அங்கே ஜாப் பாலிசி என்று ஒன்று உண்டு. தப்பான ஹேண்டிலைத் தொட்டால் வெறும் பிழை எண் தராமல் அந்த இடத்திலேயே எக்ஸெப்ஷன் எழுப்பச் சொல்லலாம், எந்த வரியில் தப்பு நடந்தது என்று உடனே தெரிந்துவிடும். அந்த 9-ஆம் எண் விவகாரத்தில் எங்களுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால், இரண்டு ராத்திரித் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.